சுற்றுலாப் படம் சொல்லாத கணக்கு: ஜெர்மனியில் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுப்பது எப்படி?

மலைச்சரிவில் ஒரு பழைய கோட்டை. கீழே ஆறு. ஆற்றின் குறுக்கே கல்பாலம். "இந்த ஊர்லதான் மேல்படிப்பு படிக்கப் போறேன்" என்று பிள்ளை செல்போனை நீட்டினால், பார்க்கிற யாருக்கும் ஆசையாகத்தான் இருக்கும். அந்த ஊர் ஹைடல்பெர்க். 1386-இல் தொடங்கிய, ஜெர்மனியின் மிகப் பழமையான பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது.

படத்தைப் பார்த்து ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்த ஆசையோடு போய்க் கல்விக்கடன் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் கையில் இருக்கும் அதே செல்போனில் சில விஷயங்களைச் சரிபார்த்துவிடலாம். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாடம் 1: ஊரைச் சுற்றிப் பாருங்கள், ஒரு கேள்வியோடு

சுற்றுலா இடங்களைப் பார்க்கும்போது "அழகா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இந்த ஊர் எந்தத் தொழிலால் வளர்ந்தது?" என்றும் கேளுங்கள். பல ஊர்களில் அதற்கான பதில் சுற்றுலா இடத்திலேயே இருக்கும்.

எடுத்துக்காட்டாக யேனா. 1926-இல் திறக்கப்பட்ட கோளரங்கம் இந்தச் சிறு நகரில் இன்றும் இயங்குகிறது. கோளரங்கம் ஏன் இங்கே வந்தது? 1846-இல் கார்ல் சைஸ் தன் பட்டறையைத் தொடங்கியது இந்த ஊரில்தான். நுண்ணோக்கி செய்யும் அந்தத் தொழிலுக்குக் கணக்கும் அறிவியலும் சேர்த்தவர் எர்ன்ஸ்ட் அபே. அவர் யேனா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். ஒளியியல், ஃபோட்டானிக்ஸ் படிக்க நினைப்பவருக்கு அந்தக் கோளரங்கம் ஒரு வழிகாட்டிப் பலகை மாதிரி.

இன்னொன்று ஃப்ரைபெர்க். வெள்ளிச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர். இது இருக்கும் எர்ஸ்கெபிர்கெ சுரங்கப் பகுதியை யுனெஸ்கோ 2019-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுற்றுலாப் பயணிகள் இறங்கிப் பார்க்கும் ரைஷெ சேஷெ சுரங்கத்திலேயே, 1765-இல் தொடங்கிய சுரங்கவியல் பல்கலைக்கழகம் பாடமும் ஆராய்ச்சியும் நடத்துகிறது. இண்டியம், ஜெர்மானியம் ஆகிய தனிமங்கள் கண்டுபிடிக்கப்பட்டதும் இந்த ஊரில்தான். உலோகவியல், புவியியல் படிப்பவருக்கு இது முக்கியமான ஊர்.

இப்படிப் பார்த்தால் சுற்றுலாத் தேடலும் படிப்புக்கான தேடல்தான். ஊரின் தொழிலுக்கும் உங்கள் படிப்புக்கும் தொடர்பு இருந்தால் ஆய்வகம், பயிற்சி, வேலை மூன்றையும் பக்கத்திலேயே தேடலாம்.

பாடம் 2: கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்

"ஜெர்மனியில படிப்பு ஃப்ரீ" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பாதி உண்மை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் செமஸ்டர் பங்களிப்பு என்று ஒரு தொகை எல்லா இடத்திலும் உண்டு. விதிவிலக்குகளும் உண்டு.

ஹைடல்பெர்க் இருப்பது பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களிடம் அங்கே 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். நான்கு செமஸ்டர் முதுகலைப் படிப்புக்கு 6,000 யூரோ. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று எளிதாகக் கணக்குப் போட்டால் ஆறு லட்சம். ஃப்ரைபுர்க், ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே, ட்யூபிங்கன் ஊர்களும் இதே மாநிலம்தான். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலச் செமஸ்டர் முதல் வெளிநாட்டு மாணவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. வாடகையிலும் ஜெர்மனியில் மியூனிக்தான் முதலிடம்.

அதற்காக இந்த ஊர்களே வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஹைடல்பெர்க்கில் ஜெர்மன் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உயிர் அறிவியல் படிப்பவருக்கு அந்த ஆறு லட்சம் சரியான செலவாகவே இருக்கலாம். அந்தப் பணம் உங்கள் படிப்புக்காகப் போகிறதா, கோட்டைக்காகப் போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கட்டணம் இல்லாவிட்டாலும் வாழ்க்கைச் செலவுக்கான பணத்தைக் காட்ட வேண்டும். முடக்கக் கணக்கு எனப்படும் வங்கிக் கணக்கில் ஓர் ஆண்டுக்கான தொகையை முன்கூட்டியே போட வேண்டும். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த தொகை 11,904 யூரோ. அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் எடுக்கலாம். இந்தத் தொகை மாறக்கூடியது. விண்ணப்பிக்கும் நாளில் ஒருமுறை சரிபாருங்கள்.

பாடம் 3: செல்போனில் நான்கு சோதனைகள்

ஒன்று, யார் நடத்துவது? ஹோக்ஷூல்கொம்பாஸ் இணையதளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தட்டுங்கள். அரசுடையதா தனியாருடையதா என்று அதில் இருக்கும். "அரசு அங்கீகாரம் பெற்றது" என்றால் "அரசுப் பல்கலைக்கழகம்" என்று பொருள் இல்லை. தனியார் நிறுவனமும் அங்கீகாரம் பெற்றிருக்கலாம், கட்டணமும் கூடுதலாக இருக்கலாம். இங்கே ஏமாந்தால் கடன் இரண்டு மடங்காகிவிடும்.

இரண்டு, உங்கள் பட்டத்தை ஏற்பார்களா? இந்தியக் கல்லூரிகள், பட்டங்களின் மதிப்பீடு அனாபின் என்ற தரவுத்தளத்தில் உள்ளது. கல்லூரியின் பெயர் இல்லாவிட்டால், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நேரடியாக இடம் எல்லோருக்கும் கிடைக்காது. அதற்கான நிபந்தனைகளை டி.ஏ.ஏ.டி. இணையதளத்தில் பார்க்கலாம்.

மூன்று, எந்த மொழியில் பாடம்? முதுகலையில் ஆங்கிலவழிப் படிப்புகள் நிறைய உண்டு. இளங்கலையில் பெரும்பாலும் ஜெர்மன் மொழிதான். வகுப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும் கடை, வீட்டு உரிமையாளர், பகுதிநேர வேலை எல்லாவற்றுக்கும் ஜெர்மன் வேண்டும். இங்கேயே அடிப்படை படித்துவிட்டுப் போவது நல்லது.

நான்கு, பாடங்கள் பொருந்துகின்றனவா? பல முதுகலைப் படிப்புகள், இளங்கலையில் குறிப்பிட்ட பாடங்களை இத்தனை கிரெடிட் அளவுக்குப் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும். உங்கள் மதிப்பெண் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாடமாக டிக் போடுங்கள்.

இந்த நான்கையும் பார்க்கக் கட்டணம் ஏதும் இல்லை. ஏஜென்ட் ஒரே ஒரு பல்கலைக்கழகத்தைக் காட்டி "இன்னைக்கே பணம் கட்டுங்க" என்று அவசரப்படுத்தினால், இதைச் செய்யாமல் பணம் கட்டாதீர்கள்.

பாடம் 4: நாள்காட்டி

குளிர்காலச் செமஸ்டர் அக்டோபரில் தொடங்கும், கோடைச் செமஸ்டர் ஏப்ரலில். குளிர்காலச் செமஸ்டருக்கு ஜூலை 15 பல இடங்களில் கடைசி நாள். ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கு அதற்குப் பல மாதங்கள் முன்பே முடித்துவிடும் படிப்புகளும் உண்டு.

இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டும். 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்கு இது கட்டாயம். உங்கள் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் சான்று இது. கிடைக்கச் சில வாரங்கள் ஆகும் என்பதால் முதல் வேலையாக இதற்கு விண்ணப்பியுங்கள்.

பாடம் 5: இங்கே முடிக்க வேண்டிய வேலைகள்

பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் ஒன்றா என்று இன்றே பாருங்கள். இனிஷியல் மாறியிருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். கடைசி நேரத்தில் அதற்காக அலைவது பெரும் பாடு. சாதி, வருமானச் சான்றுகள் தேவைப்பட்டால் அருகிலுள்ள இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித் திட்டம் இருக்கிறது. தகுதி விவரங்களைத் துறையின் இணையதளத்தில் படித்துவிட்டு, அதன்பின் கடன் பற்றி யோசியுங்கள். வெளிநாடு சென்றபின் வெளியுறவு அமைச்சகத்தின் மதத் தளத்தில் மாணவராகப் பதிவுசெய்துகொள்ளுங்கள். அவசரம் என்றால் தூதரகம் உங்களைத் தொடர்புகொள்ள உதவும்.

வீட்டுப்பாடம்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் உங்களுக்குப் பிடித்த ஊர். மறுபக்கம் உங்கள் படிப்புக்குப் பொருந்தும் ஊர். இரண்டுக்கும் நேராகக் கட்டணம், வாடகை, மொழி, கடைசி நாள், ஊரின் தொழில் என ஐந்து வரிகள் எழுதுங்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து நிரப்புங்கள். கடனை அடைக்கப் போவதும் எல்லோரும்தானே!

இரண்டு பக்கமும் ஒரே ஊர் வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் வருத்தம் வேண்டாம். நாடு முழுதும் உள்ளூர் ரயில்களில் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே மாதம் முதல் இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு அது சலுகை விலையில் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு விடுமுறை நாளில் ஹைடல்பெர்க் போய், அந்தக் கோட்டை வாசலில் நின்று அம்மா அப்பாவுக்கு வீடியோ கால் போடுங்கள். கோட்டையைப் பார்க்க ஒரு நாள் போதும். படிப்புக்குத்தான் இரண்டு வருஷம் வேண்டும்.