பானட்டைத் திறந்ததும் ஸ்டீம் கன்னைத் தூக்காதே

நாமக்கல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. சர்வீஸ் ஸ்டேஷனில் புதிதாக ஸ்டீம் மிஷின் இறக்கியிருப்பதாக உன் அம்மா போனில் சொன்னாள். நீயும் ஒரு காரின் பானட்டைத் திறந்து, கழுவுவதற்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாகப் போட்டோ அனுப்பியிருந்தாய். இரண்டாவதில் இன்ஜின் பளபளவென்று இருக்கிறது, சந்தோஷம். ஆனால் நான் அதிக நேரம் பார்த்தது முதல் போட்டோவைத்தான். டேப்பட் கவரின் பின்மூலையிலிருந்து ஆயில் கசிந்து, எக்ஸாஸ்ட் பக்கம் இறங்கி, மேலே புழுதி படிந்து கட்டியாகி இருந்தது. அதை வண்டிக்காரரிடம் சொன்னாயா? சொல்லவில்லையென்றால் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடு. பேக்கிங் மாற்றுவது சின்ன வேலை. சூடான எக்ஸாஸ்ட் மேல் ஆயில் சொட்டிக்கொண்டே இருந்தால் முதலில் கருகல் வாடை வரும், கூடினால் நெருப்பே பிடிக்கும்.

இன்ஜினில் படிந்திருக்கும் அழுக்கு அந்த வண்டியின் மருத்துவச் சீட்டு. நீராவி பட்டதும் அது அழிந்துவிடும், திரும்ப எழுத முடியாது. அதனால் பானட்டைத் திறந்ததும் முதலில் எடுக்க வேண்டியது டார்ச். ஊதினால் பறக்கும் காய்ந்த புழுதி ஒன்றும் சொல்லாது. விரல் வைத்தால் ஒட்டும் கறுப்புத்தான் பேசும். ஆயில் கீழ்நோக்கி வழியும், ஓடுகிற வண்டியில் காற்று அதைப் பின்பக்கமும் தள்ளும். ஆகவே சொட்டுகிற இடத்தை நம்பாதே. ஈரம் எந்த உயரத்தில் ஆரம்பிக்கிறது என்று மேலே மேலே தேடிப் போ. அந்த உச்சிப் புள்ளிக்குப் பக்கத்தில்தான் லீக் இருக்கும். கூலண்ட் கசிந்தால் ஈரம் ஆவியாகிப் போய், ஹோஸ் கிளிப் ஓரத்திலோ வாட்டர் பம்புக்குக் கீழேயோ வெள்ளையாகவோ ரோஸாகவோ பச்சையாகவோ ஒரு பொருக்கு மட்டும் மிஞ்சும். பிரேக் ஆயில் டப்பாவுக்குக் கீழே பெயிண்ட் உப்பிப் பொரிந்திருந்தால் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பார்க்கச் சொல். அதுவும் தள்ளிப்போடக் கூடாத விஷயம்.

இதையெல்லாம் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் கழுவு. கழுவிய வண்டி ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி கூப்பிட்டுப் பார். சுத்தமான உலோகத்தின் மேல் புது ஆயில் ஒரு கோடாக வந்து நிற்கும், எந்த பேக்கிங், எந்த சீல் என்று மெக்கானிக் கை காட்டிச் சொல்லிவிடுவார். பளபளப்பு ஒரு மழைக்கு மேல் தாங்காது. உன் மிஷினுக்கு உண்மையான பெறுமதி இந்த இரண்டாவது பார்வையில்தான் இருக்கிறது. பணம் வாங்காமல் செய்து கொடுத்தால்கூட நஷ்டமில்லை, வண்டிக்காரர் அடுத்த தடவையும் உன்னிடமே வருவார்.

பழைய வண்டி வியாபாரிகளும் வருவார்கள். நாளைக்குப் பார்ட்டி வருகிறது, இன்ஜினைப் புதுசாக்கிக் கொடு என்பார்கள். சிலருக்குச் சுத்தம் மட்டும் போதும். சிலருக்கு லீக் மறைய வேண்டும். நீ எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய், பில்லில் மட்டும் பார்த்ததை எழுதிவிடு: டேப்பட் கவரில் கசிவு, ரேடியேட்டர் ஓரத்தில் பொருக்கு, இப்படி. அதை எழுதாதே என்கிறவர் வேறு கடை பார்த்துக்கொள்ளட்டும்.

இனி நீராவி விஷயம். மீட்டரில் 8 பார் காட்டினால் பாய்லருக்குள் நீராவி ஏறக்குறைய 175 டிகிரியில் இருக்கிறது. நாசிலை விட்டு வெளியே வந்ததும் அழுத்தம் விழுந்து, காற்றோடு கலந்து, ஒரு சாண் தூரத்துக்குள் சூடு மளமளவென்று இறங்கிவிடும். கிரீஸ் இளகவில்லையே என்று அழுத்தத்தை ஏற்றுகிறவர்கள் முதலில் தூரத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். நாசில் முனையை ஒருநாள் வெளிச்சத்தில் உற்றுப் பார். துளையை ஒட்டிக் கொஞ்ச தூரம் ஒன்றுமே இல்லாத மாதிரி கண்ணாடியாக இருக்கும், அதற்கு அப்புறம்தான் வெள்ளைப் புகை தெரியும். அந்த வெள்ளை, ஏற்கெனவே ஆறித் துளியாகிவிட்ட தண்ணீர். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளிதான் அசல் நீராவி, கையைப் பதம் பார்ப்பதும் அதுதான். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைவிட, கொதித்த தண்ணீரை முழுக்க ஆவியாக்க ஏழு மடங்குக்கு மேல் வெப்பம் தேவை. தோலில் பட்டு ஆவி திரும்பத் தண்ணீராகும்போது அவ்வளவையும் அங்கேயே இறக்கிவிட்டுப் போகிறது. கிரீஸ் இளகுவதும் அதே கணக்கில்தான்.

இளகும் என்றுதான் சொன்னேன், கரையும் என்று சொல்லவில்லை. இளகிய கிரீஸை அந்தச் சூட்டிலேயே துணியால் வழித்து எடுக்காவிட்டால் அது கீழே இறங்கி, ஆயில் சம்ப் பக்கம் போய் மறுபடி உறைந்துகொள்ளும். ஆகையால் வலது கையில் கன், இடது கையில் துணி, மேலிருந்து கீழே. ஒரே இடத்தில் நின்று அடிக்காதே, வீசிக்கொண்டே போ. தடித்த கிரீஸ் என்றால் முன்கூட்டியே டிகிரீசர் அடித்து பிரஷ் போட்டு ஊறவிடு. டீசல் ஸ்பிரே அடித்தால் சீக்கிரம் விடும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லத்தான் செய்வார். விடும். கூடவே ஹோஸும் புஷ்ஷும் ஊதிப்போகும், மிச்சம் தங்கிய டீசல் சூடான இன்ஜினில் நெருப்புக்கு வழி. ஆசிட் கலந்த மலிவுச் சரக்கும் வேண்டாம், அலுமினியம் வெளிறிப் பூத்துப்போனால் அதைத் திரும்ப யாராலும் கொண்டுவர முடியாது.

பிரஷர் வாஷர் 100 பாருக்கு மேல் தண்ணீரை அடித்து சீலுக்குள் ஏற்றிவிடும். ஸ்டீம் அந்த அளவுக்கு முரட்டுத்தனம் இல்லை, தண்ணீரும் கொஞ்சம்தான் செலவாகும். அதனால் பயமே வேண்டாம், உலர்ந்த ஆவி என்று மிஷின் விற்றவர் சொல்லியிருப்பார். கப்ளருக்குள் நுழைந்து ஆறிப்போனால் எந்த ஆவியும் தண்ணீர்தான். அம்பாசிடர் காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி ஈரத்தைத் துடைத்தால் வண்டி கிளம்பிவிடும். இப்போது ஒரு சென்சார் கப்ளரில் ஈரம் போனால் செக் இன்ஜின் லைட் எரியும், ஸ்கேனர் வைத்துத் தேட வேண்டும். எனவே இன்ஜின் வெதுவெதுப்பாக, கை வைத்தால் தாங்குகிற சூட்டில் இருக்கும்போது ஆரம்பி. பேட்டரியில் மைனஸை முதலில் கழற்று, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டு. ஆல்டர்னேட்டர், பியூஸ் பாக்ஸ், ஈசிஎம், ஏர் பில்டர் வாய் நான்கையும் பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டு. பெட்ரோல் வண்டியில் பிளக் மேலேயே காயில் உட்கார்ந்திருக்கும், அந்தக் குழிக்குள் தண்ணீர் தேங்கினால் மிஸ்ஸிங் நிச்சயம். அங்கே துணியும் பிரஷும் போதும். ஏசி கன்டென்சரின் மெல்லிய தகடுகள் கிட்டத்தில் அடித்தால் மடங்கிவிடும். வயரிங்கைச் சுற்றிய டேப்பும் ஸ்டிக்கர்களும் சூட்டில் பசை விட்டு உரியும். ஹைபிரிட் வண்டியில் ஆரஞ்சு நிற கேபிளைப் பார்த்தால் அந்தப் பக்கமே போகாதே. அது உயர் மின்னழுத்தம், கம்பெனி ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

மரத்தடியில் நிறுத்தும் வண்டி என்றால் வைப்பருக்குக் கீழே இருக்கும் வலையை மறக்காதே. வேப்பிலையும் புளிய இலையும் அங்கே சேர்ந்து வடிகாலை அடைக்கும், மழை பெய்தால் தண்ணீர் காருக்குள் இறங்கும். பானட் ஸ்பாஞ்சைக் கடித்துக் குதறி எலி கூடு கட்டியிருந்தால் ஏர் அடித்து ஊதாதே. எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கையுறை, மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் வாரி எடுத்துப் போட்டுவிட்டு, கடிபட்ட வயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகு மற்ற வேலையைத் தொடங்கு.

முடிந்ததும் கட்டிய கவர்களை அவிழ்த்துவிட்டு, கப்ளர்களுக்கு மெல்லிய ஏர் கொடு. பேட்டரியை மாட்டி, பானட்டைத் திறந்தே வைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் இன்ஜினை ஓடவிடு. ஓட்டம் சீராக இருக்கிறதா என்று காதால் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடு. மினுமினுப்புக்கு அடிக்கும் சிலிக்கான் ஸ்பிரே, பேன் பெல்ட் பக்கம் ஒரு துளிகூடப் போகக் கூடாது. பெல்ட் வழுக்கிக் கீச்சிட ஆரம்பித்தால் கழுவினதால்தான் கெட்டுப்போனது என்பார் வண்டிக்காரர், அவர் சொல்வதும் சரிதான்.

மிஷினைப் பற்றி. நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. அதை அப்படியே ஊற்றினால் பாய்லருக்குள் சுண்ணாம்பு படிந்து, சூடு ஏறாமல் எரிபொருள்தான் தீரும். ஆர்ஓ தண்ணீரோ சாஃப்ட்னர் தண்ணீரோ ஊற்று, புத்தகத்தில் போட்டிருக்கும் முறைப்படி அடித்தண்ணீரைத் தினமும் வெளியேற்று. சேஃப்டி வால்வ் சீறுகிறது என்று எந்தப் பையனும் கம்பி கட்டி அடைத்துவிடாமல் பார்த்துக்கொள். டீசல் பர்னர் மிஷின் என்றால் ஷெட்டை மூடி வைத்து ஓட்டாதே, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. வேலைக்கு இருக்கும் பையன்கள் ரப்பர் செருப்போடு நிற்பதை போட்டோவில் பார்த்தேன். ஷூவும் முழங்கை வரைக்கும் வரும் கையுறையும் வாங்கிக் கொடு, அந்தச் செலவைக் கணக்குப் பார்க்காதே.

பாய்லரின் கொள்ளளவு எவ்வளவு என்று தகட்டில் அடித்திருக்கும். 25 லிட்டரும் அதற்கு மேலும் என்றால் பாய்லர் சட்டத்துக்குள் வரும், பதிவும் இன்ஸ்பெக்ஷனும் வேண்டும். அந்தத் தகட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. சேஃப்டி வால்வ் டெஸ்ட் செய்த பேப்பரையும் விற்றவரிடம் கேட்டு வாங்கி வை, பொங்கலுக்கு வரும்போது பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா