பொங்கலுக்கு வரும் தம்பி மகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. ரயிலில் இடம் கிடைக்கவில்லை, கிளாம்பாக்கத்திலிருந்து சிறப்புப் பேருந்தில்தான் வரப்போகிறேன் என்று சொல்லியிருந்தாய். கூடவே ஒரு கேள்வி: கையில் முதல்முறையாகக் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது, அம்மாவுக்கு நன்றியாக ஏதாவது செய்யவேண்டும், பட்டுப்புடவை வாங்கலாமா, மிக்சி வாங்கலாமா? போனில் பதில் சொன்னால் "சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

புடவை வாங்கு, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போகிக்கு முதல் நாளே வீடு வந்து சேர். போன வருஷம் பொங்கலன்று காலையில் வந்து இறங்கி, குளித்து, பானை பொங்குகிற நேரத்துக்குச் சரியாக வாசலில் நின்று படம் பிடித்தாய். படம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் வேலையெல்லாம் முடிந்திருந்தது.

உங்கம்மாவுக்குப் பொங்கல் மார்கழி முதல் தேதியே தொடங்கிவிடுகிறது. இருட்டோடு எழுந்து, பனியில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறாள். மாதக் கடைசியில் ஒட்டடை அடிப்பது, பரணிலிருந்து வெண்கலப் பானையை இறக்கிப் புளி போட்டுத் தேய்ப்பது, ஜமக்காளம் போர்வை என்று மூட்டை மூட்டையாகத் துவைப்பது. நம் பக்கத்துப் பொங்கல் குழம்பை நீ விரும்பிச் சாப்பிடுவாய். அதில் விழுகிற காய்களை எண்ணிப் பார்த்திருக்கிறாயா? பரங்கி, அவரை, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கு, சேனை, பச்சை மொச்சை. மொச்சையை உரிக்க ஒரு சாயங்காலம் போய்விடும். சேனை நறுக்கினால் கை அரிக்கும். முற்றிய பரங்கியின் தோலைச் சீவ நல்ல தெம்பு வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவளைவிட அது உனக்கு அதிகமாகவே இருக்கிறது.

"அம்மா கைமணம் யாருக்கு வரும்!" என்று நம் வீட்டு ஆண்கள் இலையில் உட்கார்ந்து சொல்வதை ஐம்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பொய்யாகச் சொல்வதில்லை, மனதாரத்தான் சொல்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுகிறார்கள் என்பதுதான் எனக்குள்ள வருத்தம். புகழ்ச்சி அங்கே கூலியாகிவிடுகிறது. கொடுத்தாகிவிட்டது, கணக்கு தீர்ந்தது. மறுவருஷமும் அவளேதான் மொச்சை உரிப்பாள்.

அதனால் நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். மொச்சை, பரங்கி, சேனை மூன்றையும் உன் பொறுப்பில் எடுத்துக்கொள். பானையை அடுப்பில் ஏற்றுவதற்கு முன் அடிப்புறத்தில் சாம்பலைக் குழைத்துப் பூசிவிடு. கரி பிடித்தாலும் தேய்க்கும்போது சுலபமாக வந்துவிடும். தேய்க்கப்போவதும் நீதான். இதையெல்லாம் படம் பிடித்துப் போடாதே. முதலில் "நீ போய் உட்காரு, நான் பார்த்துக்கறேன்" என்று அம்மா விரட்டுவாள். உண்மையிலேயே அவளுக்கு அது கூச்சமாக இருக்கும், பாட்டி வேறு ஏதாவது சொல்வாள். பதில் பேசாமல் அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடு.

கரும்பு வாங்கும் வேலையையும் கேட்டு வாங்கிக்கொள். நாம் கடித்துத் தின்கிற இந்தப் பன்னீர்க் கரும்பு சர்க்கரை ஆலைக்குப் போவதில்லை. ஏறக்குறைய ஒன்பது மாதம் நிலத்தில் நின்று, விற்பனைக்கு வருவது இந்தச் சில நாள் மட்டுமே. சித்திரை, வைகாசியில் கரணை ஊன்றினால் மார்கழிக் கடைசியில்தான் வெட்டு. நடுவில் மண் அணைத்து, பல முறை சோகை உரிக்கவேண்டும். சோகையின் விளிம்பு கையை அறுத்துவிடும். பொங்கல் தாண்டினால் அதே கட்டைக் கேட்பாரில்லை. ஆகவே அவர்களுக்கு விலை சொல்ல வாய்ப்பு ஒரு வாரம்தான். துணிக்கடையில் ஒட்டியிருக்கிற விலையை வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு வந்து, கரும்புக்கட்டின் முன்னால் நின்று பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நீ பேரம் பேசாதே.

மாட்டுப் பொங்கலுக்கு நம் கொட்டிலில் இப்போது மாடு இல்லை. டிராக்டரைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். பக்கத்து வீட்டுக்குப் போய்க் கொம்புக்கு வர்ணம் அடிக்கிற பிள்ளைகளோடு நின்றுவிட்டு வா, வேறென்ன! ஆனால் தை பிறக்கும்போது சீக்கிரம் விளைந்த சம்பா வயல்களில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். வெளி மாவட்டத்திலிருந்து இயந்திரத்தோடு வருகிற பையன்கள் வயற்காட்டிலேயே படுத்து எழுந்திருக்கிறார்கள். அவர்கள் ஊரிலும் பொங்கல்தான். ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பேசிய வாடகையைப் பாக்கி வைக்காமல் அன்றைக்கே கொடுக்கும்படி உங்கப்பனிடம் சொல். ஊருக்குப் போகும் செலவுக்கு அவர்களுக்குப் பொங்கல் உதவாது, அந்தப் பணம்தான் உதவும்.

பொங்கலுக்கு வேலையாட்களுக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பதும் நெல் அளப்பதும் பழைய பண்ணைகளின் வழக்கம். கேட்க அழகாக இருக்கும். அப்படிப்பட்ட பண்ணைகள் இருந்த கீழத்தஞ்சை மண்ணில்தான், விவசாயத் தொழிலாளர்கள் நெற்கூலியைக் கூட்டிக் கேட்ட போராட்டத்துக்கு நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். மறுவருஷம் விவசாயத் தொழிலாளருக்கான நியாயக் கூலிச் சட்டம் வந்தது. பண்டிகைக் கடிதத்தில் இதை எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். காணும் பொங்கலன்று நம் வயலில் நடவு நட்ட அம்மாக்கள் தெரு வழியே வரும்போது, நீ ஐம்பதோ நூறோ நீட்டிக் கும்பிட்டு, மனசு நிறைந்து உள்ளே போவாய். கொடு. ஆனால் கையில் வைக்கிற அந்த நோட்டு கூலி அல்ல. கூலி எவ்வளவு, பாக்கி இருக்கிறதா என்று அன்றைக்கே வீட்டில் கேள். வாசலில் நிற்க வைத்துப் பேசாதே, நாற்காலி போடு. உன்னைவிட மூத்தவர்கள், "நீ, வா" என்று ஒருமையில் கூப்பிடாதே.

ரேஷன் கடையில் பொங்கலுக்குக் கொடுக்கிற வேட்டி சேலையைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நீயும் செய்திருக்கிறாய். 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய திட்டம் அது. ஏழைகளுக்குத் துணி கொடுப்பதோடு, நெசவாளர்களின் தறி நிற்காமல் ஓட வேலை கொடுப்பதும் அதன் நோக்கம். துணியின் தரத்தைப் பற்றிக் குறை சொல்லலாம். உடுத்துகிறவருக்குச் சேலை, நெய்கிறவருக்குக் கூலி என்று இரண்டு பக்கமும் நினைத்துப் பார்த்த யோசனையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இனி நம் வீட்டு விஷயம். உங்கப்பன் வருஷம் தவறாமல் எனக்குப் பொங்கல் வரிசை கொண்டுவருகிறான். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, தேங்காய், பழம், ஒரு ஜோடிக் கரும்பு, புடவை. கையில் காசில்லாத வருஷங்களிலும் அரிசியும் வெல்லமுமாவது வந்தன. அவன் சைக்கிள் மணி கேட்டால்தான் எனக்குப் பொங்கல். இதைப் பணத்தால் அளக்க மாட்டேன்.

ஆனாலும் உனக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எங்கள் காலத்தில் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கிடையாது. அதற்கு ஈடாகத்தான் வரிசை என்று பெரியவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். 1989-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தார்கள். அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களுக்கு அது பொருந்தாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. நான் அந்தக் கணக்கில் வருகிறவள். 2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தத்தில் கல்யாணத் தேதி ஒரு தடையாக இல்லாமல் போயிற்று. அதற்குள் எங்கள் வீட்டில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகி வெகுகாலம் ஆகியிருந்தது. உங்கப்பன்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை, கொடுக்கவேண்டும் என்று சொல்ல அன்று யாரும் இல்லை. "தம்பி எவ்வளவு செய்கிறான், நன்றியோடு இரு" என்று மட்டும் எல்லோரும் சொன்னார்கள். நன்றியைச் சொல்லி வாயை அடைக்க முடியும் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

உனக்கும் ஒரு தங்கை இருக்கிறாள். நாளைக்கு அவள் எந்த ஊரில் இருந்தாலும் வரிசையோடு போய் நில். பங்கு பிரிக்கும் நாளில் அவள் பங்கையும் அவள் கேட்பதற்கு முன் எழுதிக் கொடு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை நிறுத்தாதே. இந்தப் பொங்கலிலேயே அவளையும் உட்கார வைத்துக்கொண்டு உங்கப்பனிடம் பேச்செடு. உங்கப்பனுக்கு இதில் மறுப்பு இருக்காது என்றுதான் நினைக்கிறேன், யாராவது ஆரம்பிக்க வேண்டும்.

உங்கப்பனுக்கு முழங்கால் வலி என்று கேள்விப்பட்டேன். இந்த வருஷம் வரிசையை நீ எடுத்து வா. வெல்லத்தை மட்டும் கண்ட கடையில் வாங்காதே, அய்யம்பேட்டைப் பக்கம் வீரமாங்குடி அச்சுவெல்லம் கிடைக்கும். மாட்டுப் பொங்கலுக்கு முன்னால் எந்த நாளில் வந்தாலும் சரி. வரும் நேரத்தை மட்டும் முன்கூட்டிச் சொல், உனக்குப் பிடித்த வாழைப்பூ வடைக்குப் பூவை ஆய்ந்து வைக்கச் சொல்லி உன் மாமாவை உட்கார வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அத்தை