ஆளுமைத் தேர்வில் உங்கள் ஸ்கோர் ஏன் மாறுகிறது?

வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிய ஆளுமைத் தேர்வு உங்களைக் ‘கலகலப்பாகப் பழகுபவர்’ என்றது. பதவி உயர்வுக்காக மறுபடி எழுதச் சொன்னார்கள். இப்போது ‘ஒதுங்கியிருப்பவர்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. வீட்டில் கேட்டால், நீங்கள் அன்றும் இன்றும் ஒரே மாதிரிதான் என்பார்கள். உடனே உங்களைச் சந்தேகப்பட வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது, விடைகளை மதிப்பெண்ணாக்கும் கணக்கு இடையில் திருத்தப்பட்டதா என்பதை. தேர்வைத் தயாரிப்பவர்கள் அந்தக் கணக்கை அவ்வப்போது திருத்துவார்கள், திருத்தத்தான் வேண்டும். சிக்கல் என்னவென்றால், திருத்திய செய்தி பெரும்பாலும் எச்.ஆர். மேசையோடு நின்றுவிடுகிறது.

மதிப்பெண் எப்படி உருவாகிறது என்று ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ‘பொறுப்புணர்வு’ என்ற பண்புக்குப் பத்துக் கூற்றுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை விடை. ‘எடுத்த வேலையை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்’ என்பதற்கு 5 என்று குறித்தால் 5 மதிப்பெண். ‘எதையும் கடைசி நாள்வரை தள்ளிப்போடுவேன்’ என்பதற்கு 5 என்று குறித்தால் 1 மதிப்பெண்தான். இது தலைகீழாக எண்ண வேண்டிய கூற்று. 6-லிருந்து விடையைக் கழிப்பார்கள். பத்தையும் கூட்டினால் உங்களுக்கு 38 வருகிறது.

38 அதிகமா, குறைவா? அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. யாரோடு ஒப்பிடுவது என்று முடிவு செய்தால்தான் அதற்குப் பொருள் வரும். புதிதாகப் பட்டம் பெற்றவர்களோடு ஒப்பிடுகிறார்கள், அவர்களின் சராசரி 34, திட்டவிலக்கம் 5 என்று கொள்வோம். நீங்கள் சராசரிக்கு 0.8 திட்டவிலக்கம் மேலே. சராசரியை 50 ஆகவும் திட்டவிலக்கத்தை 10 ஆகவும் வைக்கும் டி-ஸ்கோரில் இது 58. நூறு பேரில் ஏறத்தாழ 79 பேருக்கு மேலே இருக்கிறீர்கள். அதே 38-ஐ மேலாளர்கள் குழுவோடு ஒப்பிட்டு, அங்கே சராசரி 40, திட்டவிலக்கம் 4 என்றிருந்தால் டி-ஸ்கோர் 45 ஆகிவிடும். இப்போது உங்களுக்குக் கீழே இருப்பவர்கள் 31 பேர்தான். ஒரு விடையைக்கூட நீங்கள் மாற்றவில்லை. பதவி உயர்வுத் தேர்வில் பலருக்கு ஸ்கோர் ‘சரிவது’ இதனால்தான். ஒப்பீட்டுக் குழு புதியவர்களிலிருந்து மேலாளர்களுக்கு மாறியிருக்கும். இன்னொன்று: இந்த 79 என்பது பர்சன்டைல். அதை நூற்றுக்கு எழுபத்தொன்பது வாங்கியதாக நினைத்து சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு.

ஒப்பீட்டுக் குழு பழசாகிப் போவதற்கு எம்.எம்.பி.ஐ. நல்ல உதாரணம். ஸ்டார்க் ஹாதவே, ஜே. சி. மெக்கின்லி இருவரும் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1943-இல் வெளியிட்ட தேர்வு இது. மருத்துவமனைக்கு வந்துபோன 724 பேரை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் மினசோட்டாவைச் சேர்ந்த வெள்ளையர்கள். அமெரிக்கா முழுவதும், பிறகு உலகம் முழுவதும், எழுதியவர்கள் பல பத்தாண்டுகளுக்கு அந்த 724 பேரோடுதான் ஒப்பிடப்பட்டார்கள். 1989-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது ஒப்பீட்டுக் குழு 2,600 பேராக விரிந்தது. கவனிக்க வேண்டிய அளவு என்று சொல்லும் எல்லை டி-ஸ்கோர் 70-லிருந்து 65-க்கு இறங்கியது. 2017-இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் உயர் ரத்த அழுத்தத்தின் எல்லையை 140/90-லிருந்து 130/80-க்கு இறக்கியதைப் போன்றதுதான் இதுவும். பழைய ரிப்போர்ட்டில் இருக்கும் 67-ஐயும் புதிய ரிப்போர்ட்டில் இருக்கும் 67-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

நம் அலுவலகங்களில் அதிகம் அடிபடும் பெயர் எம்.பி.டி.ஐ., அதாவது மையர்ஸ்-பிரிக்ஸ். ஐ.என்.டி.ஜே., ஈ.எஸ்.எஃப்.பி. என்று நாலெழுத்தைச் சுயவிவரத்திலேயே போட்டுக்கொள்கிறார்கள். அந்த நாலெழுத்து எப்படி வந்தது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. 126 வினாக்கள் கொண்ட பழைய ‘ஜி’ வடிவத்தில், ‘வெளிநோக்கு – உள்நோக்கு’ போன்ற ஒவ்வொரு இணையிலும் இரு பக்கப் புள்ளிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டால் பெருக்கி, பக்கத்தைப் பொறுத்து ஒன்றைக் கூட்டுவார்கள் அல்லது கழிப்பார்கள். அதனால் பூஜ்யமே வராது. வெளிநோக்கு 14, உள்நோக்கு 14 என்று சரிசமமாக வந்தாலும் ‘உள்நோக்கு 1’ என்று முடிவு வந்துவிடும். வெளிநோக்கு 15 ஆகியிருந்தால் ‘வெளிநோக்கு 1’. ஒரே ஒரு புள்ளியில் ஆளின் வகையே மாறிவிடுகிறது. போதாக்குறைக்கு, ‘சிந்தனை – உணர்வு’ இணையில் ஆண்களுக்கு ஒரு எடை, பெண்களுக்கு ஒரு எடை. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி விடையளித்தாலும் இருவருக்கும் வேறு எழுத்து வர வாய்ப்பிருந்தது.

1998-இல் வந்த ‘எம்’ வடிவம் இதைத் திருத்தியது. வினாக்கள் 93 ஆகக் குறைந்தன. ஆண், பெண் தனி எடை போனது. ஒவ்வொரு வினாவும் அந்த இணையை எவ்வளவு துல்லியமாகப் பிரிக்கிறது என்று பார்த்து எடை தரும் ஐட்டம் ரெஸ்பான்ஸ் தியரி வந்தது. எழுத்துக்குப் பக்கத்தில் வரும் எண்ணின் பொருளும் தெளிவுபடுத்தப்பட்டது: அது நீங்கள் எவ்வளவு வெளிநோக்கு உள்ளவர் என்பதன் அளவில்லை, உங்களை அந்தப் பக்கத்தில் வைத்தது எவ்வளவு உறுதியான முடிவு என்பதன் அளவு. ஆகவே எண் சிறியதாக இருந்தால் அந்த எழுத்தை நம்பிப் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள். நடுக்கோட்டில் நிற்பவரை ஏதாவது ஒரு பக்கம் தள்ளியாக வேண்டும் என்ற கட்டாயம் புதிய கணக்கிலும் தொடர்கிறது. என்னைக் கேட்டால், இந்தத் தேர்வின் அடிப்படைக் குறையே அதுதான். எந்தத் திருத்தமும் அதைப் போக்கவில்லை.

‘கீழ்க்கண்ட மூன்றில் உங்களுக்கு மிகவும் பொருந்துவது எது, கொஞ்சமும் பொருந்தாதது எது?’ என்று கேட்கும் தேர்வுகள் வேறு வகை. எல்லாவற்றுக்கும் 5 போட்டு நல்ல பிள்ளையாகத் தப்பிக்க முடியாதபடி செய்த ஏற்பாடு. பழைய முறையில் இதற்கு மதிப்பெண் போட்டால் எல்லாருக்கும் மொத்தக் கூட்டுத்தொகை ஒன்றாகவே வரும். ஒரு பண்பு ஏறினால் இன்னொன்று இறங்கியே தீரும். உங்களிடம் எது தூக்கல், எது மட்டு என்று அது சொல்லும். உங்களையும் பக்கத்து நாற்காலிக்காரரையும் ஒப்பிட உதவாது. ஆள் தேர்வுக்கோ ஒப்பீடுதான் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கும் கணக்கை ஆனா பிரவுன், ஆல்பர்ட்டோ மைதெயு-ஒலிவாரெஸ் இருவரும் உருவாக்கினார்கள். எஸ்.எச்.எல். நிறுவனத்தின் ஓ.பி.க்யூ.32 தேர்வு அந்த வழிக்கு மாறியபோது, நான்கு கூற்றுகள் இருந்த தொகுதி மூன்றாகச் சுருங்கியது. பெயர் அதேதான், பின்னால் ஒரு எழுத்து மட்டும் மாறும். ரிப்போர்ட்டில் அந்த எழுத்தைக் கவனியுங்கள்.

இனி எச்.ஆர். பிரிவில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்.

இறுதி மதிப்பெண்ணை மட்டும் எக்செல்லில் சேமித்துவிட்டு, வினாவாரியான விடைகளைத் தூக்கிப் போடுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய அசட்டுத்தனம். விடைகள் கையில் இருந்தால், கணக்கு மாறும் நாளில் பழையவர்களுக்கும் புதிய முறைப்படி மறுபடி மதிப்பெண் போடலாம். இல்லாவிட்டால் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் சேர்க்கவே கூடாது. மாறுவதற்கு முன், ஒரே விடைத்தொகுப்பைப் பழைய முறையிலும் புதிய முறையிலும் ஓடவிட்டுப் பாருங்கள். எத்தனை பேர் கட்-ஆஃபின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறார்கள் என்று எண்ணினால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். பழைய கட்-ஆஃபை அப்படியே புதிய ஸ்கோரில் ஒட்டுவது கூடவே கூடாது.

வினாக்களின் வரிசையை மாற்றினாலோ, தமிழிலோ இந்தியிலோ பெயர்த்தாலோ விடைச்சாவியையும் சேர்த்துச் சரிபாருங்கள். தலைகீழாக எண்ண வேண்டிய கூற்று 7-ஆம் இடத்திலிருந்து 9-க்கு நகர்ந்திருக்கும். சாவியோ இன்னும் 7-ஐயே தலைகீழாக்கிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒவ்வொரு வினாவின் மதிப்பெண்ணுக்கும் மற்ற வினாக்களின் கூட்டுத்தொகைக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிடுங்கள். ஏதாவது ஒன்றில் மைனஸ் வந்தால் முதலில் சாவியைச் சந்தேகப்படுங்கள். விடையளிக்காமல் விட்ட வினாவைப் பூஜ்யமாக எண்ணுகிறதா, மற்றவற்றின் சராசரியை இட்டு நிரப்புகிறதா என்பதையும் தேர்வு தந்தவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஆண், பெண் என்று தனித்தனிக் கட்-ஆஃப் வைக்கலாமா என்ற கேள்வி வரும். அமெரிக்காவில் 1991-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம், வேலைத் தேர்வுகளில் இனம், பாலினம் போன்றவற்றை வைத்து மதிப்பெண்ணைச் சரிக்கட்டுவதைத் தடை செய்தது. கணக்கை மாற்றினால், ஊழியர்களுக்கு மருத்துவப் பரிசோதனை செய்வதைக் கட்டுப்படுத்தும் சட்டத்திடமிருந்து தப்பிவிடலாம் என்று நினைப்பதும் தவறு. ரென்ட்-ஏ-சென்டர் நிறுவனம் பதவி உயர்வுக்கு எம்.எம்.பி.ஐ. தேர்வைப் பயன்படுத்தியது, மருத்துவ முறைப்படி மதிப்பிடவில்லை, தொழில்சார்ந்த முறைப்படிதான் மதிப்பிட்டோம் என்று வாதாடியது. 2005-இல் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எந்த முறையில் மதிப்பிட்டாலும் அது மருத்துவப் பரிசோதனையே என்று தீர்ப்பளித்தது.

தேர்வு எழுதுகிறவர் செய்ய வேண்டியது சொற்பம். ரிப்போர்ட் வந்ததும் மூன்று விவரங்களை மின்னஞ்சலில் கேளுங்கள்: தேர்வின் பெயரும் பதிப்பும், ஒப்பீட்டுக் குழு யார், கட்-ஆஃப் உண்டா. முந்தைய ரிப்போர்ட் இருந்தால் அதன் பதிப்பையும் கேளுங்கள். இரண்டும் வேறு என்றால், ‘உங்களிடம் மாற்றம் தெரிகிறதே’ என்று மேலதிகாரி சொல்லும்போது அந்த மின்னஞ்சலைக் காட்டுங்கள். அடுத்த தடவை பழைய ஸ்கோரைக் கொண்டுவர வேண்டும் என்று விடைகளை ஜோடிக்க வேண்டாம். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகக் கேட்டு முரணைப் பிடிக்கும் வினாக்கள் பல தேர்வுகளில் இருக்கின்றன.

எம்.பி.டி.ஐ.யின் நாலெழுத்தை வைத்து உங்களை வேலைக்கு எடுப்பதாகவோ மறுப்பதாகவோ எந்த நிறுவனமாவது சொன்னால், ஆள் தேர்வுக்கு இதைப் பயன்படுத்துவது முறையல்ல என்று மையர்ஸ்-பிரிக்ஸ் அறக்கட்டளையே சொல்லியிருப்பதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.