எழுத்துக்கூட்டும் ஐந்தாம் வகுப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக்கூட்டியே படிக்கும் பிள்ளைகள் நம் பள்ளிகளில் நிறையப் பேர். 2022இல் கிராமப்புற வீடுகளில் நடந்த 'ஏசர்' கணக்கெடுப்பின்படி, நாடு முழுக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 42.8 விழுக்காட்டினர்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தார்கள். கொரோனாவுக்கு முன்பு, 2018இல், அது 50.5 விழுக்காடு. அப்போதே பாதிப் பேர் திணறியிருக்கிறார்கள். பழியை முழுக்கக் கொரோனா மேல் போட முடியாது. இந்தப் பிள்ளைகளைப் பற்றி வீட்டிலும் ஆசிரியர் அறையிலும் புழங்கும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறான், வாசிக்கத் தெரியாமலா?

உண்மை: வகுப்பே சேர்ந்து சொல்வதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருக்கும். வரியின் கடைசிச் சொல்லில் விரலை வைத்து, அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுப் பாருங்கள்; குட்டு வெளிப்பட்டுவிடும். தப்பாகச் சொல்வதைத் திருத்துவதற்கு முன் குறித்துக்கொள்ளுங்கள். 'பொங்கல்' என்பதைப் 'பெங்கல்' என்றால், ஒற்றைக்கொம்பைப் பார்த்தவன் பின்னால் நிற்கும் துணைக்காலை விட்டுவிட்டான். 'தேர்' என்பது 'தெர்' ஆனால், குறில் நெடில் கொம்புகளில் குழப்பம். 'பட்டம்' 'படம்' ஆனால், புள்ளி வைத்த எழுத்தைத் தாண்டிப் போகிறான். பத்து நிமிடம் இப்படிக் கவனித்தால், 247 எழுத்துகளில் எத்தனையோ அவனுக்குத் தெரியும், சிக்கல் சில குறிகளில்தான் என்பது பெரும்பாலும் புரிந்துவிடும். 'அ, ஆ'விலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: பத்துத் தடவை எழுதினால் தன்னால் வந்துவிடும்.

உண்மை: இம்போசிஷன் எழுதும் பிள்ளையின் நோட்டை ஒருமுறை எட்டிப் பாருங்கள். முதல் சொல்லை மேலிருந்து கீழாகப் பத்து முறை, பிறகு இரண்டாம் சொல்லைப் பத்து முறை என்று பத்தி பத்தியாக எழுதி முடித்திருப்பான். கைதான் வலித்திருக்கும், வாக்கியத்தை ஒருமுறைகூட வாசித்திருக்க மாட்டான். வாசிப்பு வாசித்துத்தான் வரும். முதலில் ஆசிரியரோ அக்காவோ ஒரு சின்னப் பத்தியை வாசிக்க வேண்டும்; அடுத்து இருவரும் சேர்ந்து; பிறகு அவன் தனியாக. அதே பத்தியை மூன்று நான்கு முறை. பெரியவர் துணையோடு திரும்பத் திரும்பச் சத்தமாக வாசித்தால் சரளம் கூடுகிறது என்பதை அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டு அறிக்கையிலேயே சொல்லிவிட்டது.

நம்பிக்கை: தடங்கலில்லாமல் வாசித்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

உண்மை: எழுத்தை ஒலியாக்குவது ஒரு திறன், பொருள் அறிவது இன்னொன்று. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் அமெரிக்க மாணவர்களிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். உப்பளத்தைப் பற்றிய பாடம் தூத்துக்குடிப் பிள்ளைக்கு எளிது. நீலகிரிப் பிள்ளைக்குப் படம் காட்டி, நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் பக்கத்தைத் திறக்க வேண்டும்.

நம்பிக்கை: ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் போதும்.

உண்மை: பத்து வயதுப் பிள்ளையிடம் எல்லோர் முன்னாலும் 'அணில், ஆடு' அட்டையை நீட்டினால் புத்தகத்தின் பக்கமே வர மாட்டான். நடை எளிதாக இருக்கட்டும், விஷயம் அவன் வயதுக்கு இருக்கட்டும். கிரிக்கெட் செய்தி, பஸ்ஸின் பெயர்ப் பலகை, விடுகதை எல்லாமே வாசிப்புதான். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்று படிப்படியாக வந்திருக்கின்றன. நான்காம், ஐந்தாம் வகுப்புக்கென்றே 'ஊஞ்சல்' இதழ் இருக்கிறது. இவை பீரோவுக்குள் பூட்டிக் கிடக்காமல் பிள்ளைகள் கைக்கு வர வேண்டும்.

நம்பிக்கை: திணறுகிறான் என்றால் டிஸ்லெக்ஸியா; டிஸ்லெக்ஸியா என்றால் மந்தம்.

உண்மை: இரண்டும் தவறு. விட்டுப்போன வகுப்புகள், ஊர் மாறியதால் மாறிய பள்ளி, கண் சரியாகத் தெரியாதது என்று காரணம் பல இருக்கலாம். முறையாகச் சொல்லிக்கொடுத்தும் நகரவில்லை என்றால் நிபுணரிடம் காட்டுங்கள். டிஸ்லெக்ஸியாவுக்கும் அறிவுக்கூர்மைக்கும் சம்பந்தமில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாட்டையும் அங்கீகரிக்கிறது.

நம்பிக்கை: இந்த வயதுக்கு மேல் வராது.

உண்மை: வராது என்றால், 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை அடுத்த ஆண்டே நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு நீட்டியிருக்க வேண்டியதில்லை. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, அவரவர் நிற்கும் இடத்திலிருந்து சொல்லிக்கொடுப்பதே அதன் அடிப்படை. தடையாக நிற்பது வயதைவிட, போர்ஷனை முடிக்கும் அவசரம்தான். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எத்தனை மார்க் என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எந்த எழுத்தில் தடுமாறுகிறான், அதற்கு இந்த வாரம் என்ன செய்யப்போகிறோம் என்றும் கேளுங்கள்.