கச்சேரிக் கட்டுகளைப் பிரிக்கும் முன்

அன்புள்ள கயல்விழிக்கு,

சென்னை மாகாணத்தில் குமாஸ்தாக்களை எப்படி வேலைக்கு எடுத்தார்கள் என்பதை ஆய்வுக்கு எடுத்திருக்கிறாயாம், உன் அப்பா சொன்னான். நல்ல விஷயம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்காரும் முன் ஒன்று கேட்டுக்கொள். ஆணையைப் படித்துவிட்டு, அதுதான் நடந்தது என்று எழுதிவிடாதே.

1854இல் வருவாய் வாரியத்தின் நிலையாணை 128 வந்தது. மாவட்டத்து வேலைகள் செல்வாக்குள்ள சில குடும்பங்களிடம் சிக்கிவிடக் கூடாது, பல சாதியாருக்கும் பகிர வேண்டும் என்று கலெக்டர்களுக்குச் சொன்னது. படிக்க அருமையாக இருக்கும். ஆனால் 1921இல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி ஆணை போட்டபோது, அதே கொள்கையை எல்லாத் துறைக்கும் நீட்டி, புதிதாக யாரை எடுத்தீர்கள் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கேட்க வேண்டியிருந்தது. அதுவும் போதாமல் 1927இல் ஒவ்வொரு 12 இடத்தையும் இன்னாருக்கு இத்தனை என்றே பிரித்துவிட்டார்கள். முதல் ஆணை எந்த அழகில் நடந்திருக்கும் என்று நீயே பார்த்துக்கொள்.

காரணம் எளியது. கலெக்டர் துரை மாற்றலாகிப் போவார். அவருடைய அலுவலகமான கச்சேரியின் தலைமை உள்ளூர் அலுவலர் சிரஸ்தார் அங்கேயே இருப்பார். ஊர் மொழியும் பழைய கணக்கும் சிரஸ்தார் கையில். காலி இடம் வந்தால் அவருடைய அண்ணன் மகன் தயாராக நிற்பான். குண்டூரில் இது எவ்வளவு தூரம் போயிற்று என்பதை வரலாற்றாசிரியர் ஃப்ரைகென்பர்க் 1965இல் ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார். முதலில் அதைப் படி.

விண்ணப்பங்களையும் அப்படியே நம்பாதே. கணித மேதை ராமானுஜன் 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்துக்குக் குமாஸ்தா வேலை கேட்டு எழுதினார். அது கலெக்டர் கச்சேரி இல்லைதான், ஆனாலும் வழக்கம் ஒன்றே. மெட்ரிக் தேறியதாகவும், எஃப்.ஏ. என்ற கல்லூரி இடைநிலைத் தேர்வு வரை படித்து, சூழ்நிலையால் மேலே தொடர முடியாமல் போனதாகவும் அதில் இருக்கிறது. எஃப்.ஏ.வில் தோற்ற செய்தி மட்டும் அதில் இல்லை! மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம் உடன் போயிற்று. அதுவரை மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்த நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ், கழகத் தலைவர் ஸ்ப்ரிங்கிடம் சொல்லிவைத்தது விண்ணப்பத்தில் எங்கே வரும்? மார்ச் 1 முதல் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. இங்கே சிபாரிசு உலகத்துக்கே நல்லதாய்ப் போயிற்று. அதற்காகச் சிபாரிசுக்கு வக்காலத்து வாங்கிவிடாதே. ஆள் பழக்கம் இல்லாததால் திரும்பிப் போனவர்களின் மனுக்கள் அநேகமாகக் கட்டில் இருக்காது.

ஆகவே ஒவ்வொரு நியமனத்துக்கும் மூன்றை எழுதிக்கொள்: யார் கையெழுத்திட்டது, யார் சிபாரிசு, அதே கச்சேரியில் அப்போது இருந்த சொந்தக்காரர் யார். மூன்றாவதுக்குத்தான் நாள் பிடிக்கும். ஊர்ப் பெயரையும் தகப்பன் பெயரையும் விடாமல் குறித்துவை. உறவு அதில்தான் பிடிபடும். ஒரு மாவட்டம் போதும், இருபதை இழுத்துப் போட்டுக்கொள்ளாதே.

முதல் அத்தியாயத்தைத் தட்டச்சு செய்ததும் அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா