நீள லென்ஸுக்குப் பை வாங்கும் முன்

பறவைப் படம் எடுக்கும் நண்பர்களிடம் நான் பார்த்த கெட்டுப்போன லென்ஸ்களில், கீழே விழுந்து உடைந்தவை குறைவு. பைக்குள் பத்திரமாக இருந்தே பூஞ்சை பிடித்தவைதான் அதிகம். பை காப்பாற்றும் என்று நம்பி அதிலேயே விட்டுவிட்டதன் பலன் அது.

அடி தாங்க வேண்டும், தூசியையும் தண்ணீரையும் தடுக்க வேண்டும், பறவை வந்த நொடியில் லென்ஸைக் கையில் கொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒருசேரச் செய்யும் பையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆகவே எது நல்ல பை என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன், எதில் ஏறி எங்கே போகப்போகிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

செய்ய வேண்டியவை

1. லென்ஸைக் கடைக்கே எடுத்துப்போங்கள். விவரத்தாளில் இருப்பது வெறும் லென்ஸின் நீளம். சோனி 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ் சுமார் 45 செ.மீ.; பின்னால் கேமராவை மாட்டினால் 50 செ.மீ.யைத் தாண்டிவிடும். ஹூட்டைத் திருப்பி மாட்டினால் பருமன் கூடும். ட்ரைபாட் காலரின் கால் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். இவை எல்லாவற்றோடும் உள்ளே வைத்து மூடிப் பாருங்கள்.

2. கேமராவோடு வைப்பதா, கழற்றி வைப்பதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். வேடந்தாங்கலில் ஏரிக்கரையில் நடக்கும்போது கேமரா மாட்டியபடியே உருவி எடுக்கும் நீளப் பை வசதி. நெடும்பயணத்துக்குக் கழற்றி வைப்பதே மேல். 3 கிலோ லென்ஸ் குலுங்கும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்வை வாங்குவது மவுண்ட்தான்.

3. ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் நேராக வெளிச்சுவரைத் தொட்டால் அந்தப் பையை அங்கேயே வைத்துவிடுங்கள். லென்ஸின் பாரம் அதன் உடல் முழுவதும் பரவி உட்கார வேண்டும். காலரின் கால் மட்டும் ஊன்றி நிற்கக் கூடாது.

4. ஜூம் லென்ஸ் என்றால் லாக் போட்டபின் உள்ளே வையுங்கள். சிக்மா 150-600 போன்றவை மடங்கியிருக்கும்போது சுமார் 26 செ.மீ.தான். லாக் இல்லாவிட்டால் வழியில் தானே நீண்டு பையின் மூடியை முட்டும். சோனி 200-600க்கு இந்தத் தொல்லை இல்லை; ஜூம் செய்தாலும் அது நீளாது.

5. பெட்டியின் எடையையும் கணக்கில் சேருங்கள். உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு வழக்கமான வரம்பு 7 கிலோ. பெலிக்கன் 1510 என்ற கெட்டிப் பெட்டி ஃபோமோடு வெறுமனே சுமார் 6 கிலோ இருக்கும். லென்ஸுக்கு மிஞ்சுவது 1 கிலோதான். விமானத்துக்குத் துணிப்பை எடுங்கள். பழவேற்காட்டில் படகேறும் நாளில் அதே கெட்டிப் பெட்டி பொன்னாகத் தெரியும். பெட்டி ஐ.பி.67 தரம் என்றால் தூசி புகாது. 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் வரை தாக்குப்பிடிக்கும்.

6. இடுப்பு வார் இருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸ், கேமரா, பை மூன்றும் சேர்ந்து 6, 7 கிலோ ஆகும். அதைத் தோள் மட்டும் சுமந்தால் பாதி வழியிலேயே தெரிந்துவிடும்.

7. திறக்கும் சத்தத்தைக் கேளுங்கள். கோடியக்கரைச் சேற்றில் உள்ளான் கூட்டத்தை நெருங்க அரை மணி நேரம் தவழ்ந்தபின், வெல்க்ரோவைப் பிரித்த ஒரே 'சர்ர்'ரில் மொத்தக் கூட்டமும் எழும்பிப் போயிருக்கிறது. ஜிப் பாதுகாப்பு. உப்புக் காற்றுக்கு உலோக ஜிப்பைவிடப் பிளாஸ்டிக் ஜிப் தேவலை.

செய்யக்கூடாதவை

1. பையை அலமாரியாக்காதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டிய இடத்தில் இருட்டும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஃபோமும் துணியும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். லென்ஸ் குடியிருக்க வேண்டிய இடம் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்த ட்ரை கேபினட்.

2. சிலிக்கா ஜெல் போட்டுவிட்டோம் என்று மறந்துவிடாதீர்கள். நீல மணிகள் ரோஸ் நிறமானால் அதன் வேலை முடிந்தது. காற்றுப் புகாத பெட்டியில்தான் அது பயன் தரும். துணிப்பைக்குள் போட்டால் சென்னைக் காற்று முழுவதையும் அந்த ஒரு பொட்டலம் உலர்த்த வேண்டியிருக்கும்.

3. ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிந்துவிடும். மூடிய பைக்குள்ளேயே அரை மணி, முக்கால் மணி நேரம் சூடேறட்டும்.

4. தேவைக்கு மேல் பெரிய பை வாங்கி, இடைவெளியில் துண்டைத் திணிக்காதீர்கள். துண்டு ஈரம் இழுக்கும், பஞ்சு உதிர்க்கும். நகர்த்தி ஒட்டும் தடுப்புகள் உள்ள பையாகப் பாருங்கள்.

5. லென்ஸை செக்-இன் பெட்டியில் அனுப்பாதீர்கள். அனுப்பியே ஆக வேண்டும் என்றால், பூட்டுள்ள கெட்டிப் பெட்டியில் மட்டும். உபரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும். செக்-இன்னில் அவற்றுக்கு அனுமதி கிடையாது.

6. கறுப்புப் பையை வெயிலில் நிற்கும் காரில் விட்டுப் போகாதீர்கள். பிராண்ட் பெயர் கொட்டை எழுத்தில் மின்னும் பையும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்பதை ரயில் பெட்டி முழுக்க அது சொல்லிக்கொண்டே வரும்.

7. செகண்ட் ஹேண்டில் பழைய பெட்டி வாங்கினால், உள் ஃபோமைத் தொட்டுப் பார்க்காமல் லென்ஸை வைக்காதீர்கள். வயதான ஃபோம் பிசுபிசுத்து உதிரும். அந்தத் துகள் லென்ஸில் ஒட்டினால் லேசில் போகாது.

வீடு திரும்பியதும் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் லென்ஸைத் துடைத்து கேபினட்டில் வைத்துவிட்டு, பையைத் திறந்த வாயோடு ஃபேனுக்கு அடியில் போடுங்கள். படங்களைப் பார்ப்பது அதற்கு அப்புறம்.