முதல் கம்ப்யூட்டருக்குச் சாமான் வாங்கும் முறை

நமது சங்கத்து அன்பர்களில் அநேகர் மளிகை, ஜவுளி, சாப்பாட்டுக்கடை, நாணயமாற்று முதலிய தொழில்களில் பழுத்தவர்கள். அரிசியை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தே புதியதா பழையதா என்று சொல்லிவிடக் கூடியவர்கள். அப்படிப்பட்ட நாமே, வீட்டுப் பிள்ளை வந்து, "அத்தா, கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், சாமான் வாங்கித் தந்தால் நானே கட்டிக்கொள்வேன்" என்று கேட்டால் திகைத்து நிற்கிறோம். ஒன்று, கேட்ட பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறோம். அல்லது, நமக்குத் தெரியாத சரக்கு என்பதற்காகவே கூடாதென்று சொல்லிவிடுகிறோம். இரண்டாயிரம், மூவாயிரம் வெள்ளிக் கொள்முதலில் ஒரு வியாபாரி இப்படி நடந்துகொள்வது உசிதமல்ல. ஆகவே, இந்தச் சரக்கைப் பற்றிப் படித்தும், பிள்ளைகளிடம் கேட்டும், பெட்டியைத் திறந்து பார்த்தும் நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

விளையாடுவது நல்லதா, கெட்டதா, தினம் எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அவரவர் வீட்டில் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். இங்கே பேச்சு சரக்கைப் பற்றியது மட்டுமே.

முதலில் அறிய வேண்டியது, இந்த யந்திரம் செய்யும் வேலை என்ன என்பதாகும். சாதாரண மானிட்டர் ஒன்றில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. விளையாட்டு தடங்கலின்றி ஓட வேண்டுமானால் வினாடிக்கு 60 படங்களாவது திரைக்கு வர வேண்டும். அதாவது, வினாடிக்கு 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணக்குப் பார்த்துத் தீட்ட வேண்டும். திரை 2,560க்கு 1,440 என்ற அளவினதாக இருந்தால் இந்த வேலை முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். ஆகையால், "எந்தப் பிராசஸர் வாங்கலாம்?" என்று தொடங்காமல், "எந்த விளையாட்டு, எந்தத் திரை?" என்று கேட்டுத் தொடங்குவதே முறை. வேலரன்ட், டோட்டா 2 போன்றவை இலேசான விளையாட்டுகள். சிறிய முதலுக்கே நன்றாக ஓடும். சைபர்பங்க் 2077 போன்றவை கனமானவை. பிள்ளை எதை விளையாடப் போகிறான் என்று கேட்காமல் பட்டியல் எழுதுவது, எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்று கேட்காமல் பிரியாணிக்கு அரிசி களைவது போன்றதுதான்.

நம் சாப்பாட்டுக்கடையையே உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் எடுத்துக் குரல் கொடுப்பவர் பிராசஸர். ரொட்டி வீசுகிறவர் கிராபிக்ஸ் கார்டு. உருட்டிய மாவும் முட்டையும் கைக்கெட்டும் தூரத்தில் பரப்பி வைத்திருக்கும் மேசை ராம். பின்கட்டில் இருக்கும் ஸ்டோர் எஸ்எஸ்டி. இவர்கள் எல்லாரும் நிற்கும் தளம் மதர்போர்டு. அடுப்புக்கு வரும் கேஸ் பவர் சப்ளை. ரொட்டி வீச ஒருவரே இருக்க, ஆர்டர் எடுக்க நான்கு பேரை வைத்தால் கூச்சல்தான் மிஞ்சும். திரையில் தெரியும் படத்தை வீசிப் போடுகிறவர் கிராபிக்ஸ் கார்டுதான். எனவே, மானிட்டர் நீங்கலாக 100 வெள்ளி செலவிட்டால், 35 முதல் 40 வெள்ளி வரை அதற்கே போக வேண்டும். பிராசஸருக்கு 15 வெள்ளி போதும். மற்றவை மீதியில் அடங்க வேண்டும்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். இன்டெல் கம்பெனி அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்தது நம் பினாங்கில், 1972ஆம் ஆண்டில். நம் கெடாவின் கூலிமிலும் அதற்கு ஆலை உண்டு. உலகமெங்கும் விற்கும் பிராசஸர்களில் பலவற்றின் மேல் மலேசியா என்ற பெயர் பொறித்திருப்பதைக் காணலாம். குருணிலிருந்து காரில் போய் வரக்கூடிய தூரத்தில் கைப்பட்ட சாமான்தான். ஆனால் அதனால் நமக்கு ஒரு வெள்ளிகூடக் குறைவதில்லை. ரப்பர் பால் வடித்த காலத்திலும் செருப்பு மலிவாகக் கிடைக்கவில்லையே!

இனி, ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். பள்ளி விடுமுறையில் என் கடையில் கைவேலை செய்யும் பையன் ஒருவன், தோட்டத்து லாரி ஓட்டுகிறவரின் மகன், இரண்டு வருஷமாகச் சேர்த்த 2,400 வெள்ளியை வைத்துக்கொண்டு ஒரு விளம்பரத்தைக் காட்டினான். "மாமு, ஐ7 கேமிங் செட், 1,499 வெள்ளிதான். ஐ7 என்றால் உசத்தி, ஐ3 என்றால் மட்டம், இல்லையா?" என்றான். "தம்பி, ஐ7 என்பது ரகத்தின் பெயர். எந்த வருஷத்து அறுவடை என்று பார்த்தாயா?" என்றேன். விளம்பரத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஐ7-2600 என்றிருந்தது. கோட்டுக்குப் பின் வரும் எண்ணில்தான் தலைமுறை இருக்கிறது. 2600 என்றால் இரண்டாம் தலைமுறை. 2011ஆம் ஆண்டில் வந்த சரக்கு. ஐ3-12100எஃப் என்பது பன்னிரண்டாம் தலைமுறை, 2022இல் வந்தது. இரண்டுக்கும் உள்ளே நான்கு கோர்கள்தான். ஆயினும், பெயரில் மட்டமான பின்னது வேகத்தில் முன்னதை வெகு தூரம் பின்தள்ளிவிடும். அன்றியும், விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த வழக்கமான பராமரிப்பு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11ஐ முறைப்படி போட வேண்டுமானால் இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். வேலரன்ட் விளையாட்டோ, விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0 என்ற காவல் அமைப்பு இல்லாவிட்டால் ஓட மறுத்துவிடும். அந்தப் பையன் விளையாட ஆசைப்பட்டதே வேலரன்ட்தான். 1,499 வெள்ளியும் போய், விளையாட்டும் இல்லாமல் நின்றிருப்பான்.

அலுவலகங்கள் கழித்துப்போட்ட பழைய பெட்டியை வாங்கிக் கிராபிக்ஸ் கார்டைச் செருகலாமே என்று சிலர் கேட்பார்கள். எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பெட்டியானால் செய்யலாம். ஆனால் ஒல்லியான பெட்டிகளில் முழு உயரக் கார்டு நுழையாது. அவற்றின் பவர் சப்ளையும் அந்தந்தக் கம்பெனிக்கே உரிய வடிவில் இருப்பதால் கடையில் மாற்றுக் கிடைக்காது. அளந்து பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டிலும் பெயர் விளையாட்டு உண்டு. ஆர்எக்ஸ் 580 என்ற கார்டு 2017இல் வந்தது. அதனுள் 2,304 சிறு கணக்காளர்கள். பிறகு 580 என்ற அதே பெயரில் 2,048 கணக்காளர்களோடு ஒரு கார்டு வந்தது. உண்மையில் அது 570க்குச் சமம். விற்பவர் பலர் பெட்டியில் 580 என்பதைப் பெரிதாகவும் 2048எஸ்பி என்பதைச் சிறிதாகவும் காட்டுவார்கள். இதைவிட மோசமானவர்கள், பழைய கார்டின் உள்ளெழுத்தை மாற்றிப் புதிய பெயர் சொல்ல வைக்கிறார்கள். ஜிபியு-இசட் என்ற இலவசப் புரோகிராமை ஓட்டினால் பெரும்பாலும் உண்மை வெளிப்பட்டுவிடும். ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

பழைய கார்டுகள் சந்தையில் குவிந்ததற்கு ஒரு கதை இருக்கிறது. எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைத் தோண்டுவதற்காகப் பலர் இந்தக் கார்டுகளைக் கட்டுக்கட்டாக வாங்கினார்கள். 2021இல் விலை தாறுமாறாக ஏறிற்று. 2022 செப்டம்பர் 15ஆம் தேதி அந்த நாணயத்தின் முறையே மாறிவிட, தோண்டும் வேலை ஒரே நாளில் நின்றது. கார்டுகள் எல்லாம் பழைய சாமானாகச் சந்தைக்கு வந்தன. அப்படி உழைத்த கார்டு எல்லாமே கெட்டது என்று சொல்லமாட்டேன். விசிறி சுற்றுகிறதா, கனமான விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டினால் படம் கலங்காமல் நிற்கிறதா என்று நேரில் பார்த்து வாங்கினால் லாபமே. ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி கார்டு இந்த வகையில் நம் முதலுக்கு ஏற்றது. 132 வாட் மட்டுமே இழுக்கும். 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கிடைத்தால் அதுவும் நல்லது. அது 170 வாட் இழுக்கும்.

பழையதாக ஒருபோதும் வாங்கக்கூடாதது பவர் சப்ளை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மற்றவை கெட்டால் அது மட்டும் போகும். இது கெட்டால் மற்றவற்றையும் சேர்த்துக்கொண்டு போகக்கூடும். ஆயினும், வெளியே தெரியாத சாமான் என்பதால் எல்லாரும் பணத்தைக் குறைப்பது இதில்தான். கேஸிங்கோடு இலவசமாக வரும் பெட்டியின் மேல் 500 வாட் என்று எழுதியிருக்கும். நம்ப வேண்டாம், பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது 12 வோல்ட் மின்சாரத்தை. அந்த வரியில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் 216 வாட்தான் வேலைக்கு ஆகும். மீதி வாட் எல்லாம் எழுத்தில் மட்டும். நல்ல 500 வாட் பெட்டியில் அந்த வரி 38 ஆம்பியரைத் தாண்டி நிற்கும். பெருக்கினால் 456 வாட்டுக்குக் குறையாது. மேலே சொன்ன ஆர்எக்ஸ் 6600க்கு 132, பிராசஸருக்கு 65 முதல் 90, மற்றவற்றுக்கு 50 என்று வைத்தாலும் 275க்குள் அடங்கிவிடும். ஆகவே, நல்ல 500 அல்லது 550 வாட் பெட்டி ஒன்று தாராளம்; 750 வாட் வாங்கச் சொல்லும் கடைக்காரர் பேச்சுக்குச் செவி சாய்க்க வேண்டியதில்லை. 80 ப்ளஸ் என்ற முத்திரை, வாங்கும் மின்சாரத்தில் 100க்கு 80 பங்காவது வேலைக்குப் போகும் என்பதற்கான சான்று. உறுதிக்குச் சான்று அதுவல்ல; எத்தனை வருஷ வாரண்டி என்பதைப் பாருங்கள். 5 வருஷம் கொடுப்பவன் தன் சரக்கை அறிந்தவன்.

ராம் 16 ஜிபி வேண்டும். 8 ஜிபி வைத்து வாங்கிப் பிறகு வருந்துகிறவர்களே அதிகம். 16ஐ ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டு 8ஆக வாங்கினால் இரு வழியாகச் சரக்கு இறங்கும், வேகம் கூடும். 2025ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் ராம் விலை உலகெங்கும் மடங்காக ஏறிற்று. செயற்கை அறிவுக்காகக் கட்டும் பெரும் கம்ப்யூட்டர் கிடங்குகளுக்கே ஆலைகளின் உற்பத்தி போகத் தொடங்கியதுதான் காரணம். மொத்த வியாபாரி ஒருவர் வந்து லாரியோடு வாங்கிப் போனால் சில்லறைக்கு என்ன நேரும் என்பதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல வேளையாக, ராம் சுலபமாகத் தேயும் சாமானல்ல. பழையதைச் சோதித்து வாங்கலாம். ஆனால் டிடிஆர்4 குச்சி டிடிஆர்5 போர்டில் ஏறாது. ரைசன் 5 5600 போன்ற ஏஎம்4 பிராசஸருக்கு டிடிஆர்4 மட்டும். ஏஎம்5க்கு டிடிஆர்5 மட்டும். ஐ3-12100எஃப் இரண்டுக்கும் இசையும், போர்டைப் பொறுத்து. போர்டின் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

எஸ்எஸ்டி 500 ஜிபிக்குக் குறைய வேண்டாம். கேஸிங் விஷயத்தில் வர்ண விளக்குகளைப் பார்த்து மயங்காமல், முன்பக்கம் வலையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நம் ஊர் வெக்கையில் முன்பக்கத்தைக் கண்ணாடியால் அடைத்தால் உள்ளே வெந்துவிடும்.

அந்தப் பையனின் பட்டியல் இப்படி முடிந்தது: புது ஐ3-12100எஃப், டிடிஆர்4 ஏற்கும் எச்610 போர்டு, பழைய ராம் இரண்டு குச்சி, நேரில் சோதித்த பழைய ஆர்எக்ஸ் 6600, புது பவர் சப்ளை, புது எஸ்எஸ்டி, விளக்கில்லாத கேஸிங். மானிட்டருக்குப் பதில் வீட்டு டிவி. கையில் கொஞ்சம் மிஞ்சவும் மிஞ்சிற்று.

வாங்கும் இடம் சுங்கை பட்டாணியோ, அலோர் ஸ்டாரோ, பினாங்கோ, எதுவாயினும் நேரில் போவது சிலாக்கியம். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட சாமானுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 சதவீத வரி உண்டு. இங்கே வாரண்டியும் இராது. தவணையில் தருவதாகச் சொல்லும் செயலிகளில் மாதக் கட்டணம் என்ற பெயரில் வருவது என்னவென்று நம்மவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரொக்கம் சேரும்வரை காத்திருப்பதே நல்லது. ரசீதை வாங்கியதும் படம் பிடித்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சாகும் எழுத்து ஒரு வருஷத்தில் மங்கிவிடும், வாரண்டியோ மூன்று வருஷம். கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுவுக்கு 5 வெள்ளிதான் கட்டணம். 2019 திருத்தத்துக்குப் பின் 50,000 வெள்ளி வரை கோரலாம். வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறவருக்கே அந்த உரிமை. ஆகவே கணக்கில் காட்டலாமே என்று கடையின் பேரில் ரசீது போட வேண்டாம்.

கட்டுவது கடினமல்ல; ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு பிற்பகலும் போதும். போர்டில் நான்கு ராம் துளைகள் இருந்தால் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் மாட்ட வேண்டும், போர்டில் அல்ல. எஃப் என்று முடியும் பிராசஸரில் படம் காட்டும் பகுதியே இல்லை. போர்டில் மாட்டிவிட்டு, "செத்த சாமானைக் கொடுத்துவிட்டார்கள்" என்று கடைக்கு ஓடுகிறவர்கள் பலர். ஜெராய் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு இடி தொடங்கினால், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சுவரிலிருந்து பிளக்கையும், இன்டர்நெட் கேபிளையும் பிடுங்கிவிடச் சொல்லுங்கள்.